பழைய ஆரணிப் பட்டில் இரண்டு மகள்களுக்குப் பாவாடை சட்டை: புடவையைப் பிரிப்பது முதல் டக்கு அவிழ்ப்பது வரை

எனக்கு இரண்டு பெண் குழந்தைகள். பெரியவளுக்கு ஏழு வயது, சின்னவளுக்கு நான்கு. வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிறோம். தையல் எனக்குப் பிழைப்பு இல்லை, ஆசை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஒரு பெடல் மெஷின் என்னோடு வருகிறது. சின்னவள் பிறந்தபின் இரண்டு வருடம் அதன்மேல் துவைத்த துணிதான் குவிந்து கிடந்தது. மறுபடி உட்கார ஆரம்பித்தபோது எடுத்த முதல் வேலை, என் அம்மாவின் பழைய ஆரணிப் பட்டுப் புடவையில் இரண்டு பேருக்கும் பாவாடை சட்டை. ஆடிக் கிருத்திகைக்கு ரத்தினகிரி முருகன் கோயிலுக்குப் போகும்போது போடுவதற்காக.

அந்த வேலையை எப்படிச் செய்தேன், எங்கே தவறினேன், இப்போது எப்படிச் செய்கிறேன் என்று முழுமையாக எழுதுகிறேன். மெஷினில் நேர்த்தையல் போடத் தெரிந்திருந்தால் போதும். ஒரு நாளைக்கு முக்கால் மணி நேரம் கிடைத்தால் பத்துப் பன்னிரண்டு நாளில் முடியும். பிள்ளைகள் தூங்கியபின் செய்ய வேண்டிய வேலை என்று இதை ஒதுக்க வேண்டாம். வெட்டுவதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அவர்கள் பக்கத்தில் இருக்கும்போதே செய்யலாம்.

முதலில் புடவையைப் பாருங்கள்

ஆரணி இப்போது திருவண்ணாமலை மாவட்டம். 1989 வரை எங்கள் பழைய வடஆற்காடு மாவட்டத்தில்தான் இருந்தது. இந்தப் பக்கத்து வீடுகளில் பீரோவைத் திறந்தால் ஒரு ஆரணிப் பட்டாவது இருக்கும். கனமான முகூர்த்தப் புடவைகளைவிட இது எடை குறைவு. அதனால்தான் குழந்தைகளுக்கு ஏற்றது. நான்கு வயதுக் குழந்தையின் இடுப்பில் கனமான பட்டைத் தொங்கவிட்டால் அரை மணி நேரத்தில் கழற்றச் சொல்லி அழும்.

புடவை யாருடையதோ அவரிடம் கேட்டுவிட்டு வெட்டுங்கள். என் அம்மா உடனே சம்மதித்தார். ஆனால் முகூர்த்தப் புடவையில் கத்தரி வைக்கக் கூடாது என்று நினைக்கும் வீடுகள் உண்டு. அதை மதிக்க வேண்டும்.

பழைய பட்டு பீரோவில் இருந்தபடியே மடிப்பில் இற்றுப்போயிருக்கும். பகல் வெளிச்சத்தில், ஜன்னலுக்கு நேராக ஒவ்வொரு முழமாகப் பிடித்துப் பாருங்கள். மடிப்புக் கோட்டில் வெளிச்சம் ஊசி ஊசியாகத் தெரிந்தால் அந்த இடம் தாங்காது. சந்தேகமான இடத்தை இரண்டு கட்டை விரலுக்கு நடுவில் வைத்து மெதுவாக இழுங்கள். சரசரவென்று கிழிகிற இடத்தைச் சாக்பீஸால் வட்டம் போட்டு ஒதுக்கிவிடுங்கள். தோளில் பின் குத்திய இடம், தரையில் உரசிய கரை, இந்த இரண்டையும் தனியாகப் பாருங்கள். ஃபால்ஸ் தைத்திருந்தால் அதைப் பிரித்துவிட்டுத்தான் கரையைச் சோதிக்க வேண்டும்.

இந்த வேலைக்கு என் பெரியவள்தான் கண். அவள் புடவைக்கு அந்தப் பக்கம் நின்று, "இங்க ஓட்டை, இங்க ஓட்டை" என்று விரல் வைப்பாள். நான் வட்டம் போடுவேன். சின்னவளுக்கு வட்டம் போட ஆசை. அவளுக்கு ஒரு பழைய துண்டும் சாக்பீஸும் கொடுத்துவிடுவேன்.

சுத்தம் செய்வது

வெள்ளைத் துணியை ஈரமாக்கிப் புடவையின் ஓரத்தில் தேயுங்கள். சாயம் ஏறினால் வீட்டில் நனைக்காதீர்கள், டிரை கிளீனிங் கொடுத்துவிடுங்கள். ஏறவில்லை என்றால் பத்துப் பன்னிரண்டு பூந்திக்கொட்டையை இரவே ஊறவைத்து, மறுநாள் வடிகட்டி, அந்தத் தண்ணீரில் அலசலாம். நனைந்த பட்டுக்குப் பலம் குறைவு. அதனால் முறுக்கிப் பிழியக் கூடாது. பெரிய துண்டில் சுருட்டி ஈரத்தை ஒற்றி எடுத்து நிழலில் விரியுங்கள். வேலூர் வெயிலில் மொட்டை மாடிக் கொடியில் போட்டால் ஒரே மதியத்தில் நிறம் போய்விடும். லேசான ஈரம் இருக்கும்போதே உள்பக்கமாக, மேலே ஒரு காட்டன் துணியைப் போட்டு, குறைந்த சூட்டில் இஸ்திரி போடுங்கள். ஜரிகையின்மேல் நேராகச் சூடு படக் கூடாது.

என்ன வாங்க வேண்டும்

லாங்கு பஜாரில் ஒரே நடையில் எல்லாம் கிடைக்கும். இரண்டு பேருக்கும் பாடிக்கும் (பாவாடையைத் தாங்கும் கையில்லாத உள்சட்டை) லைனிங்குக்கும் சேர்த்து ஐந்து மீட்டர் காட்டன், புடவை நிறத்தில் நூல் இரண்டு கண்டு, 11 நம்பர் மெஷின் ஊசி, மெல்லிய கை ஊசி, ஹூக்கு ஒரு அட்டை, குண்டூசி. வீட்டில் மெஷினில் இருக்கும் ஊசி பெரும்பாலும் 14 அல்லது 16 ஆக இருக்கும். அது பட்டில் இழையை இழுத்துவிடும். ஊசியை மாற்றாமல் ஆரம்பிக்கவே வேண்டாம்.

லைனிங் துணியை வாங்கியதும் ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்துவிடுங்கள். காட்டன் முதல் நனைப்பில் சுருங்கும். சுருங்காத லைனிங்கைத் தைத்துவிட்டுப் பிறகு துவைத்தால் பாவாடை உள்ளே இழுத்துக்கொண்டு கோணும்.

அளவு எடுப்பது

இதுதான் வீட்டில் எல்லோருக்கும் பிடித்த நாள். பெரியவள் தங்கைக்கு டேப் பிடிப்பாள், நோட்டில் எழுதுவாள். சின்னவள் பொம்மைக்கு அளவெடுப்பாள். அதையும் நோட்டில் எழுத வேண்டும், இல்லாவிட்டால் விடமாட்டாள்.

என் மகள்களின் அளவை வைத்தே கணக்குச் சொல்கிறேன். உங்கள் வீட்டு அளவை அதே இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். பெரியவள்: மார்பு 24 அங்குலம், இடுப்பு 22, இடுப்பிலிருந்து கணுக்கால் 27. சின்னவள்: மார்பு 22, இடுப்பு 20, கணுக்கால் வரை 22.

கணுக்கால் என்றால் கணுக்கால்தான். பாதத்தைத் தொடும்படி வைக்காதீர்கள். இதற்கு முன் ஒரு தடவை பெரியவளுக்கு "வளர்ந்துவிடுவாள்" என்று இரண்டு அங்குலம் நீளமாகத் தைத்தேன். ரத்தினகிரிப் படியில் ஏறும்போது கால் மாட்டி முழங்கால் சிராய்த்துக்கொண்டாள். வளர்ச்சிக்கு விடும் துணி கீழே தொங்கக் கூடாது, டக்கில், அதாவது குறுக்காக மடித்துத் தைத்துப் பிறகு அவிழ்க்கும் மடிப்பில், ஒளிந்திருக்க வேண்டும்.

கணக்கு

அவசரப்படாமல் இதைப் படியுங்கள். மொத்த வேலையும் இதில்தான் நிற்கிறது.

நீளம்: கணுக்கால் அளவோடு டக்குக்கு 6 அங்குலம், மேல் தையலுக்கு 1 அங்குலம். ஒரு அங்குல டக்கு ஒன்று 2 அங்குலத் துணியை விழுங்கும். மூன்று டக்குக்கு 6. கீழே புடவைக் கரையே இருப்பதால் மடித்துத் தைக்க எதுவும் விட வேண்டாம். பெரியவளுக்கு 27+6+1 = 34. சின்னவளுக்கு 22+6+1 = 29.

அகலம்: இடுப்பளவோடு தளர்வுக்கு 2 அங்குலம் சேர்த்து, அதை மூன்றால் பெருக்கி, பக்கத் தையலுக்கு 1 கூட்டுங்கள். பெரியவளுக்கு 24×3+1 = 73. சின்னவளுக்கு 22×3+1 = 67. கண்ணுக்குத் தெரியும் ஒரு அங்குல மடிப்புக்கு மூன்று அங்குலத் துணி வேண்டும், அதனால்தான் மூன்று மடங்கு.

ஐந்தரை மீட்டர் புடவை ஏறக்குறைய 216 அங்குலம். இரண்டு பாவாடைக்கும் 140 போனால் முந்தியோடு சேர்த்து 76 அங்குலம் மிஞ்சும். என் புடவையின் அகலம் 46. பெரியவள் பாவாடைக்குமேல் 12 அங்குலப் பட்டை, மறு கரையோடு மிஞ்சுகிறது. இரண்டு பேருடைய சட்டைக் கைக்கும் அது சரியாக இருக்கும். சின்னவள் பாவாடைக்குமேல் மிஞ்சும் 17 அங்குலப் பட்டையில் அவள் சட்டையின் உடல் பகுதியே வந்துவிடும், கரை சட்டையின் கீழ் ஓரமாக விழும். முந்தியில் பெரியவளுக்குச் சட்டை. இற்றுப்போன இடங்களை வட்டம் போட்டோமே, அவை அந்த மீதி 76 அங்குலத்துக்குள் விழும்படி புடவையை முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். விழவில்லை என்றால் பாவாடை அகலத்தை இரண்டரை மடங்காகக் குறைத்துக்கொள்ளலாம். நலிந்த துணியைப் பாவாடையில் மட்டும் சேர்க்காதீர்கள். குழந்தை சம்மணம் போட்டு உட்காரும் முதல் தடவையே கிழியும்.

வெட்டுவது

இது ஒன்றை மட்டும் பிள்ளைகள் பள்ளியில் இருக்கும்போது, காலை பத்து மணிக்குள் செய்யுங்கள். அன்று அடுப்பில் எதையும் வைக்காதீர்கள், முந்தைய நாள் குழம்பு போதும். நான் முதல் தடவை, இரண்டு பேரும் தூங்கியபின் இரவு பதினோரு மணிக்கு வெட்டினேன். கண் சொக்கியது. சின்னவளின் பட்டையில் சட்டையின் முன்பக்கத்தைத் தலைகீழாக வைத்து வெட்டிவிட்டேன், கரை கழுத்துப் பக்கம் போய்விட்டது. அம்மா என் பள்ளி ஆண்டு விழாவுக்குக் கட்டிக்கொண்டு வந்த புடவை அது. ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை. ஒட்டுப்போட்டுச் சமாளித்தேன். ஆனால் அன்றிலிருந்து இரவில் கத்தரியைத் தொடுவதில்லை.

தரையைத் துடைத்துப் பாய் விரித்து, புடவையைக் கரை நேராக இருக்கும்படி போடுங்கள். எல்லாத் துண்டுக்கும் முதலில் சாக்பீஸால் கோடு போட்டு, ஒவ்வொன்றிலும் 'பெ-பாவாடை', 'சி-சட்டை முன்' என்று எழுதிய காகிதத்தைக் குத்திவிடுங்கள். கரை எந்தப் பக்கம் என்று அம்புக்குறி போடுங்கள். ஒரு காப்பி குடித்துவிட்டு வந்து இன்னொரு தடவை பாருங்கள். அப்புறம் வெட்டுங்கள்.

பாடி

சின்னப் பெண் குழந்தைகளுக்கு இடுப்பு நேராக இருக்கும், பாவாடை நிற்காது. நாடா வைத்தால் இறுக்கிக் கட்ட வேண்டும், சாப்பிட்டவுடன் வயிறு வலிக்கும். எலாஸ்டிக் பட்டில் அழகாக விழாது, தடமும் பதியும். அதனால் காட்டன் துணியில் கையில்லாத பாடி தைத்து அதில் பாவாடையை இணைக்க வேண்டும். பாரம் தோளில் தொங்கும், இடுப்பில் எதுவும் இறுக்காது.

அளவுக்குக் குழந்தையின் நன்றாகப் பொருந்தும் ஷிம்மீஸை எடுத்து, துணியின்மேல் வைத்து, சுற்றி முக்கால் அங்குலம் விட்டு வரைந்துகொள்ளுங்கள். நீளம் இடுப்பு வரை போதும். கீழ்ச்சுற்று நம் கணக்கில் வந்த 24 அல்லது 22 அங்குலமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முதுகுப்பக்கம் திறப்பு, அதில் பட்டி வைத்து ஹூக்கு. தோள்பட்டையில் மட்டும் ஒன்றரை அங்குலம் கூடுதலாக விட்டு உள்ளே மடித்துக் கையால் தைத்துவையுங்கள். அடுத்த வருடம் உடம்பு நீளும்போது அதைப் பிரித்துவிடலாம்.

டக்கு

மடிப்பு எடுப்பதற்கு முன்பே டக்கு போட்டுவிட வேண்டும், பிறகு முடியாது. கரைக்கு மேலே இரண்டு அங்குலம் தள்ளி முதல் டக்கு, அதற்குமேல் மற்ற இரண்டு. ஒவ்வொன்றுக்கும் துணியை ஒரு அங்குல ஆழத்துக்கு மடித்து, இஸ்திரியால் லேசாக அழுத்தி, கையால் ஓட்டுத்தையல் போடுங்கள். மெஷினில் போடாதீர்கள். பட்டில் மெஷின் ஊசி குத்திய ஓட்டை மறையாது, அவிழ்க்கும்போது வரிசையாகப் புள்ளி தெரியும். மெல்லிய கை ஊசியின் தடம், அவிழ்த்தபின் நகத்தால் மெதுவாகத் தேய்த்து இஸ்திரி போட்டால் பெரும்பாலும் போய்விடும்.

இந்த வயதில் குழந்தைகள் வருடத்துக்கு 5 முதல் 7 செ.மீ. வளர்கிறார்கள், அதில் காலின் பங்கு பெரிது. ஒரு டக்கு அவிழ்த்தால் 5 செ.மீ. கிடைக்கும். வருடத்துக்கு ஒன்று என்று வைத்தால் மூன்று வருடம் ஓடும். மூன்றும் தீரும்போது பெரியவளுடைய பாவாடையைச் சின்னவள் எடுத்துக்கொள்ளலாம்.

மூன்று டக்குக்கும் ஒரு பாவாடைக்குக் கிட்டத்தட்ட பதினெட்டு அடித் தையல் வரும். நான் இதைச் சாயங்காலம் வாசற்படியில் உட்கார்ந்து, பிள்ளைகள் தெருவில் விளையாடும்போது போட்டேன். பெரியவள் நடுநடுவே வந்து, "இன்னும் எத்தினி இருக்கும்மா?" என்று கேட்டுவிட்டு ஓடுவாள். இரண்டாவது டக்கில் ஒரு சாண் அளவு அவளே போட்டாள். கொஞ்சம் கோணல்தான். நான் பிரிக்கவில்லை.

மடிப்பும் இணைப்பும்

துண்டின் இரண்டு பக்க ஓரங்களையும் சேர்த்துப் பின்பக்கத் தையலைப் போடுங்கள். பட்டு ஓரம் நூல் நூலாகப் பிரியும். முதலில் வெளிப்பக்கமாக ஓரத்தோடு ஒரு தையல், பிறகு துணியைத் திருப்பி உள்பக்கமாக அதை மூடி இன்னொரு தையல். இப்படிப் போட்டால் ஓவர்லாக் தேவையில்லை. மேலே ஐந்து அங்குலம் திறந்தபடி விட்டு ஓரத்தை மடித்துத் தையுங்கள். பாடியின் திறப்பும் இதுவும் ஒரே கோட்டில் வர வேண்டும்.

இப்போது மேல் ஓரத்தில் சாக்பீஸால் 1 அங்குலம், 2 அங்குலம், 1 அங்குலம், 2 அங்குலம் என்று மாற்றி மாற்றிக் குறியிடுங்கள். ஒவ்வொரு 2 அங்குல இடைவெளியின் இரு முனைகளையும் ஒன்றாகச் சேர்த்தால் ஒரு மடிப்பு. எல்லாம் ஒரே திசையில் சாய வேண்டும். பெரியவள் பாவாடையில் 24 மடிப்பு, சின்னவளுடையதில் 22. பெரியவள் மூன்றாம் வாய்ப்பாட்டை இதில்தான் சரளமாக்கிக்கொண்டாள். நான் மடிக்க மடிக்க அவள் சொல்லிக்கொண்டே வந்தாள், 24 மூன்று 72 வரை. மடிப்பை எல்லாம் குண்டூசியால் குத்தி, நீளத் தையலாகக் கையால் ஒரு ஓட்டு ஓட்டிவிட்டு, குண்டூசியை முழுக்க எடுத்துவிடுங்கள். மெஷின் ஊசி குண்டூசிமேல் இறங்கினால் உடைந்து கண்ணுக்குத் தெறிக்கும்.

லைனிங் பாவாடைக்கு இரண்டு மடங்கு அகலம் போதும், சுருக்கு வைத்தாலே சரி. கீழே பாவாடையைவிட ஒரு அங்குலம் குட்டையாக, உள்ளே ஆறு அங்குலம் மடித்து எம்மிங் செய்துவையுங்கள். டக்கு அவிழ்க்கும்போது இதையும் இறக்கலாம். பட்டு, லைனிங் இரண்டையும் பாடியின் கீழ் ஓரத்தோடு சேர்த்துத் தையுங்கள். அங்குலத்துக்குப் பத்துத் தையல் வருமாறு மெஷினை வைத்து, இந்த ஒரு இடத்தில் மட்டும் இரண்டு தடவை ஓட்டுங்கள்.

குண்டூசிக் கணக்கு

பிள்ளைகள் நடுவில் தைப்பவர்கள் இதை விடவே கூடாது. என் டப்பாவில் சரியாக இருபது குண்டூசி. தைத்து முடித்ததும் சின்னவள் மூடியைப் பிடிப்பாள், பெரியவள் எண்ணிப் போடுவாள். பத்தொன்பது வந்தால், இருபதாவது கிடைக்கும் வரை யாரும் அந்த அறையில் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. நூலில் கட்டிய ஒரு காந்தம் வைத்திருக்கிறேன், தரையில் இழுத்தால் ஒட்டிக்கொள்ளும். ஹூக்கும் பொத்தானும் சின்னவள் வாய்க்கு எட்டாத இடத்தில். மெஷினை விட்டு எழுந்தால் ஒவ்வொரு தடவையும் பெடல் பெல்ட்டைச் சக்கரத்திலிருந்து தள்ளிவிடுவேன். நான் அடுக்களைக்குப் போன ஒரு நிமிடத்தில் சின்னவள் பெடலை மிதித்துப் பார்த்த பிறகு வந்த பழக்கம் இது.

சட்டை

நன்றாகப் பொருந்தும் பழைய சட்டையை வைத்து வரைந்துகொள்ளுங்கள். மார்பளவுக்குமேல் 4 அங்குலம் தளர்வு, பக்கத் தையலில் ஒரு அங்குலம் கூடுதல். இடுப்புக்குக் கீழே இரண்டு அங்குலம் இறங்கினால் பாவாடையின் இணைப்பு மறையும். கைக்குக் கரை வைத்துச் சின்னப் புஃப் வைத்தால் போதும்.

உள்ளே முழுக்கக் காட்டன் லைனிங் கொடுங்கள். ஜரிகையின் பின்பக்கம் அரிக்கும். பட்டுச் சட்டை வேண்டாம் என்று அடம்பிடிக்கும் பல குழந்தைகளுக்கு அந்த அரிப்புத்தான் காரணம், நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. கழுத்தையும் அக்குளையும் தைத்தபின் உங்கள் கன்னத்தில் உரசிப் பாருங்கள். உங்களுக்கு உறுத்தினால் அவளுக்கும் உறுத்தும்.

மிச்சத் துணி

ஒரு துண்டையும் தூக்கிப் போடாதீர்கள். பொம்மைக்கு ஒரு பாவாடை கட்டாயம், அளவுதான் நோட்டில் எழுதியாகிவிட்டதே. அதைப் பெரியவளே ஓட்டுத்தையலில் தைத்தாள். நீளப் பட்டையில் ஜடைக்கு ரிப்பன். முந்தியில் மிஞ்சியதில் அம்மாவுக்கு வெற்றிலைச் சுருக்குப்பை. பிள்ளைகள் ஆயாவிடம், அதாவது என் அம்மாவிடம், அதைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, அவர் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அந்தப் புடவையை ஆரணியில் எடுத்த நாளின் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். நான்கூட அதுவரை கேட்டதில்லை.

போட்டபின்

கழற்றியதும் மடித்து வைக்காதீர்கள். ஃபேன் காற்றில் ஒரு இரவு உள்பக்கம் வெளியே இருக்கும்படி தொங்கவிடுங்கள், வேர்வை ஈரம் போக வேண்டும். ஒவ்வொரு தடவையும் துவைக்க வேண்டாம், லைனிங்கில் அழுக்குப் பட்ட இடத்தை மட்டும் நனைத்துத் துடைத்தால் போதும். பிளாஸ்டிக் கவரில் வைக்காமல் பழைய வேட்டித் துணியில் சுற்றுங்கள். நாப்தலின் உருண்டை ஜரிகையைக் கறுக்கச் செய்யும், குழந்தை வாயில் போட்டுக்கொண்டால் ஆபத்தும்கூட. வசம்பைத் துணியில் முடிந்து போடுங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வேறு கோட்டில் மடித்து வையுங்கள்.

அந்த நோட்டைப் பாவாடையோடு சேர்த்தே வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் இரண்டு பேருடைய அளவும், பொம்மையின் அளவும். அடுத்த பக்கத்தில் மூன்று கோடு போட்டு 'டக்கு 1, டக்கு 2, டக்கு 3' என்று பெரியவள் எழுதிவைத்திருக்கிறாள். போன மாதம் முதல் டக்கை அவிழ்த்தோம். அவள்தான் கத்தரி முனையால் நூலை வெட்டினாள், தேதியையும் அவளே எழுதினாள். இரண்டாவது டக்கில் அவள் போட்ட கோணல் தையல் அப்படியே இருக்கிறது. அதை அடுத்த ஆடிக்கு அவிழ்க்க வேண்டும்.